நெல்லின் விளைச்சல் இடைவெளி: உச்சவரம்பும் களத்துமேடும்

1. எதை எதோடு ஒப்பிடுவது

ஆஸ்திரேலியாவில் ஹெக்டேருக்குச் சுமார் 10 டன் நெல் விளைகிறது. இந்தியாவின் சராசரி 4 டன்னைச் சுற்றியே நிற்கிறது. இந்த 6 டன்னையும் விளைச்சல் இடைவெளி என்று எழுதி, பழியை விதையின் மீதோ உழவர் மீதோ போடுவது எளிது. ஆனால் அது இரண்டு நாடுகளின் சராசரிகளுக்கு இடையேயான தூரம். இடைவெளி என்பதை ஒரே நிலத்துக்குள்தான் அளக்க வேண்டும்.

நீரும் உரமும் குறைவின்றி, பூச்சியும் களையும் அண்டாமல், ஓரிடத்தின் வெயிலும் வெப்பமும் அனுமதிக்கும் அளவுக்கு ஒரு ரகம் தருவது அதன் உச்ச விளைச்சல். மானாவாரியில் மழையும் மண்ணின் ஈரப்பிடிப்பும் இதைவிடத் தாழ்வான ஓர் எல்லையை வகுக்கின்றன. களத்துமேட்டில் தூற்றி அளப்பது நடப்பு விளைச்சல். நெப்ராஸ்கா, வாகனிங்கன் பல்கலைக்கழகங்கள் நடத்தும் உலக விளைச்சல் இடைவெளித் தொகுப்பு இந்த முறையில்தான் கணக்கிடுகிறது. பாசன நிலத்தில் உச்சத்தின் 80 சதவீதத்தை எட்டினாலே போதும் என்பது ஆய்வாளர்களிடையே பரவலான கருத்து. அதற்கு மேல் ஒவ்வொரு மூட்டைக்கும் ஆகும் செலவு, அந்த மூட்டையின் விலையை விழுங்கிவிடும்.

2. வெயில் வகுக்கும் வரம்பு

ஆஸ்திரேலியாவின் ரிவரினா பகுதியில் அக்டோபர், நவம்பரில் விதைக்கிறார்கள். கோடையின் நீண்ட பகலும் மேகமற்ற வானமும் பயிருக்கு முழுதாகக் கிடைக்கின்றன. பருவமழைக் காலத்தில் விளையும் வெப்பமண்டல நெல்லுக்கு இந்த வாய்ப்பு இல்லை. பிலிப்பைன்ஸின் லாஸ் பானோஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரே நிலத்தில், ஒரே பராமரிப்பில், வறண்ட பருவத்தில் மழைப் பருவத்தைவிடக் கூடுதலாக விளைகிறது. பூங்கதிர் உருவாவதிலிருந்து பால் பிடிப்பது வரை கிடைக்கும் வெயிலே இந்த வேறுபாட்டுக்குப் பெரும் காரணம். ஆகவே காவிரிப் படுகையிலும் குறுவைக்கு ஒரு வரம்பு, தாளடிக்கு வேறொரு வரம்பு. வடகிழக்குப் பருவமழையின் மேகத்துக்கு அடியில் வளரும் தாளடியிடம் குறுவையின் கணக்கைக் கேட்பது நியாயமில்லை.

ரிவரினாவின் சராசரியில் இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. அங்கே நீர் ஒதுக்கீடு கிடைக்காத ஆண்டில் நெல்லே விதைப்பதில்லை. நீண்ட வறட்சியின் உச்சத்தில், 2007-08இல், சாகுபடிப் பரப்பு சுமார் 2,000 ஹெக்டேராகச் சுருங்கியது. விதைத்த வயலிலோ ஹெக்டேருக்கு 8 டன் அளவில் விளைந்தது. அங்கே வறட்சி பரப்பில் தெரிகிறது, சராசரியில் அவ்வளவாகத் தெரிவதில்லை.

3. காவிரிப் படுகை: நாற்றங்காலில் தொடங்கும் இழப்பு

மேட்டூர் அணை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது மரபு. இந்த இரண்டு தேதிகளுக்குள் குறுவையும் தாளடியும், அல்லது சம்பா மட்டும், அடங்க வேண்டும். 2024இல் அணை திறந்தபோது ஜூலை கடைசி ஆகிவிட்டது.

நாற்றின் வயதுக்கு மாதத்துக்கு ஒரு வாரம் என்று படுகையில் ஒரு கணக்கு உண்டு: நான்கு மாத ரகத்துக்கு நான்கு வார நாற்று. கடைமடையில் முறைத் தண்ணீர் வராமல், ஐந்தாறு வாரமாகியும் நாற்று பறிக்கப்படாமல் நிற்பது புதிதல்ல. முற்றிய நாற்றை நட்டால் தூர் கட்டுவது குறையும். சதுர மீட்டருக்கு 350 கதிர், கதிருக்கு 120 மணி, அதில் 80 சதவீதம் நிறைமணி, ஆயிரம் மணியின் எடை 22 கிராம் என்று வைத்துக்கொண்டால் ஹெக்டேருக்கு 7.4 டன் வரும். மற்றவை மாறாமல் கதிர் மட்டும் 250 ஆகக் குறைந்தால் கிடைப்பது 5.3 டன். ஏக்கர் கணக்கில் 60 கிலோ மூட்டை 14 போய்விடும். பின்னால் போடும் யூரியா தூரின் எண்ணிக்கையைத் திருப்பித் தராது; இலையைக் கரும்பச்சையாக்கி இலைச்சுருட்டுப் புழுவை அழைத்து வரும்.

தாமதத்தின் மறு முனை வடிகால். நேரத்தோடு நட்ட சம்பா, ஐப்பசி, கார்த்திகை மழைக்குள் வேர் ஊன்றி உயர்ந்துவிடும். பிந்தியது இளம்பயிராக மூழ்கும். தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கம் ஆகாயத்தாமரை அடைத்த ஆறுகளில் தண்ணீர் கடலை நோக்கி மெல்லத்தான் நகரும். கடல் மட்டம் உயர்ந்திருந்தால் அதுவும் இல்லை. சி.ஆர். 1009 சப் 1 போன்ற ரகங்கள் இரண்டு வாரம் வரை மூழ்கினாலும் பிழைக்கும். வடிகாலைத் தூர்வாராமல் அந்த ரகத்தை மட்டும் பரிந்துரைப்பது பாதி வைத்தியம். படுகையில் மூடக்கூடிய இடைவெளியில் பெரும்பங்கு தேதியிலும் வடிகாலிலும்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு. உரப் பரிந்துரைக்கு இங்கே கிடைத்திருக்கும் முக்கியத்துவம் அதற்கு உரியதைவிட அதிகம்.

4. இராமநாதபுரம்: உழவரின் தயக்கமும் கணக்குதான்

மானாவாரி மாவட்டமான இங்கே ஆவணி, புரட்டாசியில் புழுதி விதைப்பு. மழை விழுந்தால் முளைக்கும். கண்மாய் பெருகினால் கதிர் முற்றும். பரமக்குடி ஆராய்ச்சி நிலையம் 2009இல் வெளியிட்ட அண்ணா 4 ரகம் சுமார் 100 நாளில் அறுவடைக்கு வந்து, கார்த்திகைக்குப் பிந்தைய வறட்சிக்குத் தப்பிக்கிறது. ஆனாலும் மேலுரம் இடுவதா வேண்டாமா என்பதை அந்த வாரத்து வானமே முடிவு செய்கிறது. மழை பொய்த்தால் உரக்காசும் கடனோடு சேரும். அதனால் கையைக் கட்டிக்கொள்பவரை அறியாதவர் என்று அறிக்கையில் எழுதுவது மேசையில் உட்கார்ந்து செய்கிற வேலை. இந்த மண்ணில் நல்ல ஆண்டின் இடைவெளி பெரிது. கெட்ட ஆண்டில் நீர் வகுக்கும் எல்லையே சரிவதால் இடைவெளி சிறிது. பத்தாண்டுச் சராசரி இந்த இரண்டையும் மறைத்துவிடும்.

5. பகுதி எண்ணில் ஒளிவது

பயிர் அறுவடைப் பரிசோதனையில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் துண்டை அறுத்து எடை போடுகிறார்கள். உலக உணவு, வேளாண்மை அமைப்பின் விளைச்சல் எண், மொத்த உற்பத்தியை அறுவடையான பரப்பால் வகுத்து வருவது. விதைத்துக் கருகிப்போய், அறுக்காமல் ஆட்டுக்கும் மாட்டுக்கும் விட்ட வயல் அந்த வகுத்தலில் சேராது. ரிவரினாவில் விதைக்காமல் விட்ட நிலமும் சேராது. ஆனால் அங்கே விதையும் உழவுக்கூலியும் செலவாகவில்லை. இராமநாதபுரத்தில் இரண்டும் செலவான பிறகே வயல் கணக்கிலிருந்து விழுகிறது. விதைத்த பரப்பால் வகுத்து இன்னொரு பத்தியைப் பட்டியலில் சேர்த்தால், மானாவாரி மாவட்டங்களின் விளைச்சல் இப்போது அச்சாவதைவிடக் கீழே இறங்கும்.