65 பர்சென்ட் வந்தா பாஸா? அமெரிக்க டாக்டர் பரீட்சையும் நூறு வருஷ ஜோசியமும்

1916 அக்டோபர், வாஷிங்டன். ஒரு புது மருத்துவப் பரீட்சை ஒரு வாரம் முழுக்க நடக்குது. விண்ணப்பிச்சவங்க 32 பேர். தகுதி இருக்குன்னு ஏத்துக்கிட்டது 16 பேரை. வந்து எழுதினது 10 பேர். பாஸ் ஆனது 5 பேர்.

இன்னிக்கு யூஎஸ்எம்எல்இ-னு நாம சொல்ற அமெரிக்க மருத்துவ லைசென்ஸ் பரீட்சையோட ஆரம்பம் இதுதான். இப்போ அதை எழுதப்போற எல்லாரும் கேக்குற கேள்வி ஒண்ணு இருக்கு: "பிராக்டிஸ் கேள்விகள்ல எனக்கு 65 பர்சென்ட் வருது. பாஸ் ஆயிடுவேனா?" அந்த அஞ்சு பேர்ல யாரும் இப்படிக் கேட்டிருக்கவே முடியாது. ஏன்னு பார்ப்போம்.

அப்போ அமெரிக்காவுல ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியா லைசென்ஸ் கொடுத்துச்சு. ஒரு மாநிலத்துல டாக்டரா இருக்கிறவர் இன்னொண்ணுக்குப் போனா, திரும்பப் பரீட்சை எழுத வேண்டி வரலாம். மருத்துவக் கல்லூரிகள்ல பலது எவ்வளவு மோசமா இருக்குன்னு 1910-ல ஃப்ளெக்ஸ்னர் அறிக்கை வேற போட்டு உடைச்சிருந்தது. எல்லா மாநிலமும் நம்பி ஏத்துக்குற மாதிரி ஒரே பரீட்சை வேணும்னு வில்லியம் ராட்மன் என்ற அறுவை சிகிச்சை மருத்துவர் முன்னால நின்னார். 1915-ல 'நேஷனல் போர்டு ஆஃப் மெடிக்கல் எக்ஸாமினர்ஸ்' உருவானது. சோகம் என்னன்னா, முதல் பரீட்சையைப் பார்க்க அவர் இல்லை. 1916 மார்ச்சிலேயே இறந்துட்டார்.

அந்தப் பரீட்சையில கட்டுரை எழுதணும், லேப்ல செஞ்சு காட்டணும், நோயாளியோட படுக்கை பக்கத்துல நின்னு பதில் சொல்லணும். மார்க் போடுறது எதிர்ல இருக்கிற பெரிய டாக்டர். அவர் மனசுல என்ன இருக்குன்னு எந்த மாதிரித் தேர்வு சொல்லும்?

திருப்பம் வந்தது 1950-களில். கட்டுரைக்குப் பதிலா, விடையைத் தேர்ந்தெடுக்கிற கேள்விகள் வந்தன. திருத்துறது சுலபம் என்பது ஒரு காரணம். இன்னொண்ணு, ஒரே கட்டுரைக்கு ரெண்டு பேர் ரெண்டு மார்க் போட்ட பிரச்சினை தீர்ந்தது. படுக்கைப் பக்கத் தேர்வையும் போர்டு ஆராய்ஞ்சு பார்த்துச்சு. ஒரே மாணவரைப் பார்த்த ரெண்டு எக்ஸாமினர்களோட மதிப்பீடு பெரும்பாலும் ஒத்தே போகலை. 1960-களில் அதையும் விட்டுட்டாங்க.

இங்கதான் விஷயம் இருக்கு. விடையைத் தேர்ந்தெடுக்கிற கேள்வி எவ்வளவு கஷ்டம்னு அளக்க முடியும். அப்படி அளந்த ரெண்டு வினாத்தாள்களை ஒரே அளவுகோல்ல வைக்க முடியும். வச்சுட்டா, ஒண்ணுல வாங்கின மார்க்கை வச்சு இன்னொண்ணைப் பத்திப் பேச முடியும். பிராக்டிஸ் ஸ்கோர் ஜோசியம் பொறந்தது அந்த நிமிஷம்தான்.

ஆனா ஜோசியத்துக்கு ஆசை வரணுமே! அதைக் கொண்டுவந்தது மூணு இலக்க மார்க். 1992-லிருந்து 1994-க்குள்ள பழைய பரீட்சைகளை எல்லாம் சேர்த்து யூஎஸ்எம்எல்இ வந்தது. அதுல ஸ்டெப் 1-க்கு ஆரம்பத்துல பாஸ் மார்க் 176, சராசரி 200-ஐ ஒட்டி. இந்தப் பரீட்சை கேட்க வந்த கேள்வி ஒண்ணே ஒண்ணு: இவரை நம்பி லைசென்ஸ் கொடுக்கலாமா, கூடாதா? ஆனா மேற்படிப்புக்கு ஆள் எடுக்கிற இடங்கள்ல விண்ணப்பம் குவிஞ்சது. ஆயிரக்கணக்கான ஃபைலை யார் படிக்கிறது? மார்க்கை வச்சு வடிகட்டினாங்க. 2010-களில் நடந்த சர்வேக்கள்ல, நேர்காணலுக்குக் கூப்பிட ஸ்டெப் 1 மார்க்கைப் பார்க்கிறோம்னு 10-ல 9 பேருக்கு மேல சொன்னாங்க.

அப்புறம் கேக்கணுமா? 1999-ல பரீட்சை கம்ப்யூட்டருக்கு மாறியது. 2003-ல யூவேர்ல்ட் வந்தது. கொஸ்டின் பேங்க் இல்லாம படிப்பே இல்லைன்னு ஆச்சு. சராசரி 230-ஐத் தாண்டியது. "பேங்க்ல இவ்வளவு, நிஜத்துல இவ்வளவு"ன்னு மாணவர்கள் ஒருத்தருக்கொருத்தர் சொல்லி, ஃபார்முலா போட ஆரம்பிச்சாங்க.

அந்த ஃபார்முலாக்கள்ல மூணு ஓட்டை. முதலாவது, கொஸ்டின் பேங்க் படிக்கிறதுக்கான கருவி. ஒவ்வொரு கேள்விக்கும் விளக்கம் பார்த்து, நேரம் வைக்காம, ரெண்டாவது சுற்றுல வாங்கின 80 பர்சென்ட் உங்க ஞாபக சக்தியைத்தான் காட்டும். ரெண்டாவது, மார்க்கை ஊருக்குச் சொல்றது யாரு? நல்லா வாங்கினவங்க. ஃபெயில் ஆனவங்க பெரும்பாலும் சத்தமில்லாம ஒதுங்கிடுவாங்க. மூணாவது, நிஜப் பரீட்சையே ஒரு தராசு, அதுவும் லேசா ஆடும். ஸ்டெப் 1 மார்க்கோட அளவீட்டுப் பிழை சுமார் 6 புள்ளி. அதே ஆள், அதே அறிவு, வேற வினாத்தாள்னா 238 என்பது 232 ஆகலாம், 244-ம் ஆகலாம். இதை வச்சு "240-க்குக் கீழ வேண்டாம்"னு ஒரு இடம் கோடு போட்டா, ஒருத்தரோட வாழ்க்கையை அந்த ஆட்டமே தீர்மானிக்குது.

இந்தப் பைத்தியம் பரீட்சை நடத்துறவங்களுக்கே உறுத்தியது. 2019-ல கூடிப் பேசி, 2020 பிப்ரவரியில அறிவிச்சு, 2022 ஜனவரி 26-லிருந்து ஸ்டெப் 1-ஐ வெறும் பாஸ்/ஃபெயில் ஆக்கினாங்க. அதே நேரத்துல பாஸ் அளவு 194-லிருந்து 196-க்கு ஏறியது. மார்க் போட்டி ஸ்டெப் 2 சிகே-க்கு நகர்ந்தது. "பாஸ் மட்டும்தானே"ன்னு நினைச்ச சமயத்துல, பாஸ் ஆகுறவங்க விகிதம் இறங்கியது. அமெரிக்காவுக்கு வெளியே படிச்சவங்கள்ல அது இன்னும் அதிகமா இறங்கியது. சென்னையில உட்கார்ந்து எழுதுறவங்களும் இந்தக் கணக்குலதான் வர்றாங்க. ஒரு ஃபெயில் விழுந்தா, அது ரெக்கார்டை விட்டுப் போகவே போகாது.

ஆக, ஜோசியம் சாகலை. "எவ்வளவு வரும்?" என்பது "தேறுவேனா?"ன்னு மாறிடுச்சு. போர்டு விக்கிற சுய மதிப்பீட்டுத் தேர்வு இப்போ கொடுக்கிற பதிலும் அதுக்கு ஏத்ததுதான்: ஒரு வாரத்துக்குள்ள நிஜப் பரீட்சை எழுதினா பாஸ் ஆக எத்தனை பர்சென்ட் வாய்ப்பு? அதோட 62-லிருந்து 68 வரை 'பாஸ்தான், ஆனா விளிம்பு'ன்னு ஒரு பட்டையும் காட்டுது. ஒரே எண்ணை அடிச்சுச் சொல்றதைவிட இது நேர்மையான பதில்னு எனக்குத் தோணுது. சந்தேகத்தையும் சேர்த்துச் சொல்லுதே!

அதனால யாராவது "எனக்கு 65 வருது"ன்னு சொன்னா, ஆறுதல் சொல்றதுக்கு முன்னால நாலு கேள்வி கேளுங்க. எதுல 65? முன்னாடி பார்க்காத கேள்விகளா? நேரம் வச்சு எழுதினதா? எத்தனை நாளைக்கு முன்னால? கொஸ்டின் பேங்க் மார்க்னா, எந்தப் பாடத்துல ஓட்டைன்னு கண்டுபிடிக்க அதை வச்சுக்கலாம், பரீட்சைத் தேதி குறிக்க வேண்டாம். முழு நீள மதிப்பீட்டுத் தேர்வு ரெண்டு எழுதி, ரெண்டுமே விளிம்புப் பட்டைக்குள்ள நின்னா, தேதியைத் தள்ளி வைக்கிறதுல எந்த வெட்கமும் இல்லை.