கண்டிப்பான சபை, திறந்த மருந்தகம்: கொல்லிமலையில் பிராண்ட் தம்பதியரின் பணி

சமயத்தின் வழியே நடந்த சமூக நீதிப் பணியை ஆராய்வோர் தாராளக் கொள்கையுடைய சபைகளையே முதலில் தேடுகின்றனர். அதற்குச் சான்று இல்லாமலில்லை. வேலைக்காரராக இங்கிலாந்து சென்று திரும்பிய திருவேங்கடம், வில்லியம் ராபர்ட்ஸ் என்ற பெயரில் 1795-இல் சென்னையில், திரித்துவத்தை ஏற்காத யூனிடேரியன் சபையைத் தொடங்கினார். வெள்ளைக்கார மிஷனரியின் தயவின்றித் தமிழர் ஒருவர் எழுப்பிய சபை அது. ஆனால் தாராளக் கொள்கை இருந்தால்தான் நீதி உணர்வு பிறக்கும் என்று இதிலிருந்து முடிவுகட்டுவது தவறு. கொல்லிமலை அதற்கு எதிர்ச்சான்று.

ஜெஸ்ஸி பிராண்ட் ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்தவர். பிற சபையாரைத் திருவிருந்தில் சேர்க்காத கண்டிப்பான மரபு அது. ஜெஸ்ஸி கட்டடத் தொழில் தெரிந்தவர். வெப்பமண்டல நோய்கள் பற்றி ஓராண்டு மட்டும் பயின்றவர். 1913-இல் ஈவ்லினை மணந்து, கொல்லிமலையில் மலையாளிப் பழங்குடியினர் வாழும் வாழவந்தியில் குடியேறினார். மலைக்காய்ச்சலுக்கு அஞ்சிச் சமவெளியார் இரவு தங்கத் தயங்கிய மலை அது. பள்ளி, தச்சுப் பட்டறை, பட்டுப்புழு வளர்ப்பு, பழமரங்கள் என்று பணி விரிந்தது.

இவற்றுள் நரம்புச்சிலந்தி நோய்க்கு எதிரான வேலையை நான் முதன்மையாகக் கருதுகிறேன். நோயாளியின் காலில் கொப்புளம் வெடித்துப் புழு வெளிவரும். எரிச்சல் தணிய அவர் நீரில் இறங்கினால் புழுவின் குஞ்சுகள் நீரில் கலக்கும். அவற்றை விழுங்கிய நீர்த்தெள்ளுகள் குடிநீரோடு அடுத்தவர் உடலுக்குள் போகும். ஏறத்தாழ ஓராண்டு கழித்து அதே வேதனை அங்கே தொடங்கும். புழுவைக் குச்சியில் மெல்லச் சுற்றி எடுப்பது ஓர் ஆளுக்குச் செய்யும் உதவி. கால் படாதபடி கிணற்றைச் சுற்றிச் சுவர் எழுப்புவது ஊர் முழுவதையும் காப்பது. பிராண்ட் இரண்டையும் செய்தார். இரக்கத்துக்கும் நீதிக்கும் உள்ள தொலைவை அந்தச் சுவர் காட்டுகிறது: அதன் பயனைப் பெற யாரும் மதம் மாற வேண்டியதில்லை, யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதுமில்லை.

1929-இல் ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலால் இறந்தார். ஈவ்லினின் வாழ்வோ இன்னொரு நீதிக் கேள்வியை எழுப்புகிறது. முதுமையைக் காட்டி மிஷன் அவருக்கு ஓய்வு கொடுத்தது. அவர் தம் பொறுப்பிலேயே மலையேறினார். பச்சைமலை, கல்வராயன் என்று குதிரையில் சுற்றிப் பணிசெய்து, 1974-இல் 95 வயதில் மறைந்தார். இவர்கள் மகன் பால் பிராண்ட் வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கிய அறுவை மருத்துவர் என்பதால், தாயின் பணி பலமுறை மகனின் புகழுக்கு முன்னுரையாகவே எழுதப்பட்டிருக்கிறது. அது அநீதி. ஒரு பெண்ணை வயதின் பெயரால் ஒதுக்கிய நிறுவனத்தின் வரலாறாகவும் அந்தப் பணியை எழுத வேண்டும்.

பிராண்ட் தம்பதியரின் நோக்கம் மதமாற்றம்தான்; அதை மறைத்துப் பேசுவது ஆய்வாகாது. மலைத் தெய்வங்களையும் பூசாரிகளையும் பிழையென்று கருதியவர்கள் அவர்கள். ஆயினும் ஒரே மலையில் பல்லாண்டு தங்கியதால், அங்குள்ளோரின் காய்ச்சலும் தண்ணீரும் அவர்களுடைய பிரச்சினைகளாகவே ஆயின. நீதிப் பணியின் ஊற்று கொள்கையின் தாராளத்தைவிட இந்த உடனுறைவில்தான் இருந்தது என்பது என் வாதம். இதற்கு இன்னும் முழு வலு சேரவில்லை. நமக்குக் கிடைக்கும் கதை பெரிதும் குடும்பத்தாரும் மிஷனைச் சார்ந்தோரும் சொன்னது. மதம் மாறாமலே அந்தக் கிணறுகளில் நீர் மொண்ட குடும்பங்களின் வாய்மொழி வரலாற்றை வாழவந்தி நாட்டில் தொகுப்பதே அடுத்து நடக்க வேண்டிய வேலை.