திருமணப் படங்கள்: முகூர்த்தத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

முகூர்த்தம் யாருக்காகவும் காத்திருக்காது. அதனால் திருமண நாளின் நேரக் கணக்கை அங்கிருந்தே பின்னோக்கிப் போட வேண்டும். காலை 9 மணிக்குத் தாலி கட்டு என்றால், மணப்பெண்ணின் ஒப்பனை 7 மணிக்குள் முடிவது நல்லது. சடங்கின் நடுவே கூறைப்புடவை மாற்றப் போகும் நேரத்தைப் பலர் சேர்ப்பதே இல்லை.

ஆலய மண்டபத்தில் படம் கெடுவதற்குப் பெரும்பாலும் கேமரா காரணமல்ல. ஹோமப் புகை, மங்கிய விளக்கு, எல்லாவற்றுக்கும் மேலாக மணவறையை மொய்க்கும் உறவினர்கள். கெட்டிமேளம் ஒலித்ததும் கைப்பேசிகள் உயர்ந்துவிடும்; நாத்தனார் முடிச்சுப் போடும் காட்சி படப்பிடிப்பாளருக்குத் தெரியாது. சொன்னால் கேட்கக்கூடிய ஒரு மாமாவை அங்கே நிறுத்தி, முன்பக்கத்தைக் காலியாக வைத்திருக்கச் சொல்லலாம். மூலஸ்தானத்தின் அருகே படமெடுக்கச் சில ஆலயங்கள் அனுமதிப்பதில்லை. குருக்களிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

அதிகம் தவறிப்போவது குடும்பப் படம்தான். அட்சதை போட வரிசை நீளும். அதற்குள் பாதிப் பேர் பந்தியில் உட்கார்ந்திருப்பார்கள். தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வந்த பாட்டி, சாப்பிட்ட கையோடு கிளம்பிவிடுவார். தாலி கட்டியதும் முதல் படம் தாத்தா பாட்டிகளோடு இருக்கட்டும். பிறகு பெற்றோர், உடன்பிறந்தோர், தாய்மாமன் குடும்பம். யார் யார் என்ற பட்டியலைத் தாளில் எழுதி, இரு வீட்டிலும் முகம் தெரிந்த ஒருவரிடம் கொடுக்க வேண்டும். பாவம், படப்பிடிப்பாளருக்கு எந்த அத்தை யாரென்று தெரியும்?

நண்பர்களுடன் எடுக்கும் படங்களை இரவு விருந்துக்குத் தள்ளிவைக்கலாம்.