எந்த டேப்பில் நிற்கிறோம்?

கல்வராயன் மலை ஊர்களுக்கு ஒரு அட்டவணை போட்டுக்கொண்டிருந்தேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு விவரம், ஊருக்கு ஒரு வரி. நான் எடுத்த தளத்தில் பட்டியலில் உள்ள ஊர்ப்பெயரை அழுத்தினால் விவரம் புது டேப்பில் திறக்கும். எத்தனை தடவைதான் கையால அழுத்துறது? பைத்தானில் செலினியம் வைத்து ஒரு சின்ன நிரல் எழுதி ஓடவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தால் எல்லா வரியும் நிரம்பியிருந்தது. ஒரு பிழைச்செய்திகூட இல்லை.

இரண்டு வாரம் கழித்து அதைப் பார்த்த சேராப்பட்டுக்காரர் ஒருவர், "இது எங்க ஊர்க் கணக்கு இல்லீங்களே" என்றார். அவர் சொன்னது சரி. சேராப்பட்டுக்கு நேரே இன்னாட்டின் எண்கள் இருந்தன. அதற்குள் அந்த அட்டவணையை நாலு பேருக்கு அனுப்பியும் விட்டேன்.

ஏன் இப்படி ஆச்சு என்று தேடப்போய்த்தான் இந்தக் குறிப்பு.

செலினியத்தை 2004-இல் சிகாகோவில் தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் ஜேசன் ஹக்கின்ஸ் தொடங்கினார். அன்று பலர் கையில் இருந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6-இல் டேப்பே கிடையாது. அந்த வரிசைக்கு டேப் வந்தது 2006-இல், ஏழாம் பதிப்பில். இன்றைக்கும் டேப் மாற்றும் கட்டளைக்குப் பெயர் 'விண்டோ'. பழைய ஊர்ப்பெயர் பஸ் போர்டில் ஒட்டிக்கொண்டிருப்பது மாதிரி.

அந்த முதல் செலினியம் உலாவிக்குள்ளேயே ஜாவாஸ்கிரிப்டாக ஓடியது. ஒரு பக்கத்துக்குள் உட்கார்ந்திருப்பவனுக்கு இன்னொரு ஜன்னல் திறந்தது எப்படித் தெரியும்? பக்கம் ஜன்னலுக்கு வைத்த பெயர், தலைப்பு என்று பல வழியில் ஊகிக்கும். பக்கம் ஏறும்போதே திறந்துகொள்ளும் ஜன்னல்கள் அதன் கண்ணில் படாமலே போவதுண்டு. அதற்கு அவர்களே சொன்ன வைத்தியம்: அதே பெயரில் ஒரு வெற்று முகவரியைத் திறக்கச் சொல்லி, செலினியத்தைக் கவனிக்க வை!

சைமன் ஸ்டூவர்ட்டின் வெப்டிரைவர் உலாவியை வெளியே இருந்து ஓட்டியது. இரண்டும் சேர்ந்து 2011-இல் செலினியம் 2 ஆனது. இதில் ஒவ்வொரு ஜன்னலுக்கும் டேப்புக்கும் ஒரு அடையாளச் சரம் உண்டு, 'விண்டோ ஹேண்டில்' என்பார்கள். படித்தால் ஒன்றும் புரியாது, ஆனால் ஒரு டேப்புக்கு ஒன்றுதான். திரையில் எந்த டேப் முன்னால் நிற்கிறது என்பது நம் கண்ணுக்கு. நிரல் 'இந்த ஹேண்டிலுக்கு மாறு' என்று சொல்லும்வரை அது பழைய டேப்பிலேயே படித்துக்கொண்டிருக்கும். நாம் பார்ப்பது ஒன்று, அது வாசிப்பது ஒன்று.

இது 2018 ஜூனில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் தரநிலையானது. ஹேண்டில் பட்டியல் எந்த வரிசையிலும் வரலாம் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. நானோ, 'பட்டியலின் கடைசி ஹேண்டில்தான் புது டேப்' என்று எழுதி வைத்திருந்தேன். இணையத்தில் கிடைக்கும் பாதி உதாரணங்கள் அப்படித்தான் சொல்கின்றன. பழைய டேப்களை மூடவும் இல்லை. சேராப்பட்டு டேப் திறக்கும் முன்பே நிரல் பட்டியலைக் கேட்டது. கடைசியில் நின்றது இன்னாடு. அதையே இன்னொரு தடவை எழுதிக்கொண்டது.

2020-இல் வந்த பிளேரைட்டில் இந்த மாறுகிற வேலையே இல்லை. ஒவ்வொரு டேப்பும் தனிப் பொருள். அழுத்துவதற்கு முன்பே 'புது டேப் வரும், காத்திரு' என்று சொல்லி வைக்கலாம். செலினியத்திலும் அழுத்துமுன் இருந்த ஹேண்டில்களைக் குறித்துவைத்து, புதிதாக ஒன்று சேரும்வரை காத்திருந்தால் போதும். நாலே வரி. நான் எழுதவில்லை.

பெயரையும் வரிசையையும் நம்பக் கூடாது என்பது இந்த மலையைப் படிக்கிறவனுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். 1976 வரை மூன்று ஜாகிர்களாக இருந்த பகுதி. 1993 வரை தென்னார்க்காடு மாவட்டம், பிறகு விழுப்புரம், 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சி. கருமந்துறைப் பக்கமோ சேலம் மாவட்டம். 2011 கணக்கில் 'கள்ளக்குறிச்சி மாவட்டம்' என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. ஆனால் அந்தக் கணக்கெடுப்பில் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஆறு இலக்கக் குறியீடு ஒன்று இருக்கிறது. வேறு எந்தக் கிராமத்துக்கும் அது வராது.

இப்போது நிரல் பட்டியலில் இருக்கும் குறியீட்டை முதலில் எடுத்துக்கொள்கிறது. புது டேப்பில் அதே குறியீடு இருந்தால்தான் எழுதும், இல்லையென்றால் நின்றுவிடும். எழுதியதும் டேப்பை மூடிவிட்டுப் பட்டியலுக்குத் திரும்புகிறது. மறுபடி ஓட்டியதில், முதல் அட்டவணையில் இன்னும் மூன்று ஊர்கள் இதேபோல் பக்கத்து ஊரின் எண்களோடு இருந்தது தெரிந்தது. திருத்தியதை அந்த நாலு பேருக்கும் அனுப்பிவிட்டேன். சேராப்பட்டுக்காரருக்கு மட்டும் நேரில் போய்க் காட்டணும்.