ஏடும் பென் டிரைவும்: மீட்பின் இலக்கணம்

பம்மல், பல்லாவரம், தாம்பரம் எனத் தென்சென்னைப் புறநகர் எங்கும் ஜெராக்ஸ் கடைகளில் கேட்கும் குரல் ஒன்றுண்டு: "சார், பென் டிரைவ் ஓப்பன் ஆகலே." ஆய்வேட்டை அச்செடுக்க வந்த மாணவர் திகைத்து நிற்பார். ஃபார்மேட் செய்யலாமா என்று கணினி கேட்கும். பலரும் பதற்றத்தில் ஆம் என்று அழுத்திவிடுவர். அந்த இடத்தில் நாம் சற்றே நிதானிக்க வேண்டும். அழியும் நிலையிலுள்ள எழுத்தை எங்ஙனம் அணுகுவது என்பதில் தமிழருக்கு ஒன்றரை நூற்றாண்டுக் காலப் பட்டறிவு உண்டு.

ஃபிளாஷ் நினைவகத்தைக் கண்டவர் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபூஜியோ மசுவோகா. 1984-இல் அவர் அதனை அறிஞர் அவையில் எடுத்துரைத்தார். 2000-இல் சிங்கப்பூரின் டிரெக் நிறுவனம் அதனைக் கட்டைவிரல் அளவில் அடக்கி விற்பனைக்குக் கொணர்ந்தது. அவ்வாண்டின் இறுதியில் ஐபிஎம் விற்ற கருவியின் கொள்ளளவு 8 மெகாபைட். இதனுள் எழுத்தென்பது மின்னூட்டமே. நுண்ணிய அறைகளில், காப்புப் படலத்தின் நடுவே சிறைப்பட்ட எலக்ட்ரான்கள் நம் சொற்களைச் சுமக்கின்றன. எழுதுந்தோறும் அழிக்குந்தோறும் அப்படலம் தேயும். தொடாது வைத்திருப்பினும் மின்னூட்டம் மெல்லக் கசியும்.

ஓலைக்கும் விதி இதுவே. செல்லும் ஈரமும் அரிக்க, சில தலைமுறைகளுக்கு ஒருமுறை படி எடுத்தால்தான் நூல் பிழைக்கும். கையில் எடுப்பதே ஏட்டுக்குக் கேடாகும் அவல நிலையை, 1887-இல் வெளிவந்த கலித்தொகையின் பதிப்புரையில் சி.வை.தாமோதரம் பிள்ளை உருக்கமாக விவரிக்கிறார். அதே ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடு தேடிச் சென்றதை 'என் சரித்திரம்' நூலில் எழுதியுள்ளார். பழைய ஏடுகளை நெருப்பிலிடுவதே முறை என்று கருதி, அங்கிருந்தவற்றை நெய்யில் தோய்த்து ஆகுதி செய்துவிட்டிருந்தனர். அவர்களுக்குத் தீய நோக்கம் இல்லை. பழுதுற்றதை முறைப்படி அகற்றியதாகவே எண்ணினர். ஃபார்மேட் பொத்தானை அழுத்துவோரும் அவ்வாறே எண்ணுகின்றனர்.

ஆயினும் ஓலைக்கு வாய்க்காத நல்லூழ் ஒன்று இங்குண்டு. விரைவாகச் செய்யப்படும் ஃபார்மேட்டில் பெரும்பாலும் பொருளடக்கப் பட்டியல் மட்டுமே போகும். அதன்மேல் புதிதாக எழுதும்போதுதான் பழையது மறையும். ஆகவே பழுதுற்ற பென் டிரைவில் எதையும் எழுதலாகாது. முதலில் அதனை முழுமையாகப் படி எடுத்து, படியின்மேல்தான் ஆய்வு நடத்த வேண்டும். ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்னும் கட்டற்ற மென்பொருள் நல்ல பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, இடர்ப்பகுதிகளுக்குப் பின்னர் திரும்பிவரும். ஃபோட்டோரெக் என்னும் மற்றொன்று, பட்டியல் இல்லாதபோதும் கோப்பின் தொடக்கக் குறிகளைக் கொண்டு அதனை இனங்காணும். தலைப்பிழந்த ஏட்டை யாப்பும் பொருளும் கொண்டு இன்ன நூலென்று பதிப்பாசிரியர்கள் துணிந்ததை இது நினைவூட்டுகிறது. பென் டிரைவைக் கணினி அறவே அறியாவிடினோ, செருகுமுனை முறிந்திருப்பினோ, மென்பொருளால் பயனில்லை. மீண்டும் மீண்டும் செருகிப் பாராமல், சில்லினை நேரே படிக்கவல்ல வல்லுநரிடம் சேர்ப்பதே நன்று.

மீட்டபின் வருவது படிக்கும் சிக்கல். புள்ளியிடப்படாத ஏட்டில் மெய்யும் உயிர்மெய்யும் மயங்கியதைப் போல, டிஸ்கி, டாம், டாப் முதலிய பழைய குறியீடுகளில் தட்டச்சிட்ட கோப்புகள் இன்று புரியாக் குறிகளாய்த் தோன்றும். 1999-இல் டாம், டாப் முறைகளை ஏற்ற தமிழக அரசு, 2010-இல் ஒருங்குறியை ஏற்றது. மீட்ட கோப்பை உடனே ஒருங்குறிக்கு மாற்றுவது மீட்பின் ஒரு பகுதியே ஆகும்.

இவை அனைத்தினும் அரியது நேர்மை. உ.வே.சா. 1894-இல் பதிப்பித்த புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் இல்லை. வேறு பல பாடல்களில் அடிகள் சிதைந்துள்ளன. 1904-இல் வந்த பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம்பத்தும் இல்லை. அவரது புலமைக்கு அவ்விடங்களை நிரப்புவது அரிதன்று. ஆயினும் நிரப்பாமல் விட்டார். அதனாலேயே எஞ்சியவற்றை நாம் ஐயமின்றி நம்புகிறோம். டிடிரெஸ்க்யூவும் படிக்கவியலாத பகுதிகளைத் தனிக் கோப்பில் குறித்துவைக்கிறது. களஆய்வில் பதிந்த ஒப்பாரியோ தாலாட்டோ பாதியே மீண்டதெனில், மறைந்த பாதியை நினைவிலிருந்து எழுதிச் சேர்க்கும் ஆவல் எழும். பாடிய மூதாட்டி மறைந்திருப்பின் அவ்வாவல் இன்னும் மிகும். அங்கே புள்ளிகளை இட்டுவிடுவதே ஆய்வறம்.

சங்க நூல்கள் பிழைத்தது ஓலையின் வலிமையால் அன்று. ஊர்தோறும், மடந்தோறும், வீடுதோறும் படிகள் இருந்தன. ஓரிடத்தில் எரிந்தது வேறோரிடத்தில் கிடைத்தது. உ.வே.சா. திரட்டிய சுவடிகள், 1943-இல் அவர் பெயரால் தொடங்கப்பெற்று இன்று பெசன்ட் நகரில் இயங்கும் நூல்நிலையத்தில் உள்ளன. வாய்ப்புள்ள மாணவர்கள் ஒருமுறை சென்று காண வேண்டும். அதற்கு முன், தம் ஆய்வேட்டுக்கு இன்றே இன்னொரு படி எடுத்து வேறோர் இடத்தில் வைத்துவிட வேண்டும்.