பெண்களின் வேலையின்மையும் குற்றமும்: பீகார் கண்ட மாற்று வழி

பீகாரில் 2016 ஏப்ரலில் முழு மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. நாட்டுச் சாராயத் தயாரிப்பையும் விற்பனையையும் நம்பியிருந்த ஏழைக் குடும்பங்களின் பிழைப்பு, கடும் தண்டனைக்குரிய குற்றமாயிற்று. வேறு வேலையற்ற பெண்களுக்குச் சட்டத்தை மீறுவதா, பட்டினி கிடப்பதா என்பதே கேள்வியாக நின்றது.

இந்நிலையில், மாநில அரசு 2018-ஆம் ஆண்டு ‘சதத் ஜீவிகோபார்ஜன் யோஜனா’ என்னும் நிலையான வாழ்வாதாரத் திட்டத்தைத் தொடங்கியது. வங்கதேசத்தின் பிராக் அமைப்பு உருவாக்கிய வறுமை ஒழிப்பு முறையைத் தழுவிய இத்திட்டம், ‘ஜீவிகா’ அமைப்பின் மூலம் செயல்படுத்தப்படுகிறது. பயனாளிகளுக்குக் கால்நடைகள் அல்லது சிறுகடைக்கான சரக்குகள் வழங்கப்படுகின்றன. தொடக்க மாதங்களில் உதவித்தொகையும் பயிற்சியும் உண்டு.

தடைச் சட்டம் ஒரு தொழிலை மூடலாம். அதை நம்பி வாழ்ந்த பெண்கள் மீண்டும் அதற்கே திரும்பாதிருக்க மாற்று வருவாய் அவசியம் என்பதே இத்திட்டத்தின் அடிப்படை.