வேலை மறுக்கப்படும் அகதியும் எல்லைப் பாதுகாப்பும்

போர், வன்முறை, அடக்குமுறை ஆகியவற்றால் வாழிடம் விட்டுத் துரத்தப்பட்டவர்களின் எண்ணிக்கை 2024-ஆம் ஆண்டின் இறுதியில் 12.32 கோடி என்கிறது ஐ.நா. அகதிகள் ஆணையம். இவர்களில் சுமார் 7.35 கோடி பேர் சொந்த நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தவர்கள். எல்லை கடந்தவர்களிலும் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் அண்டை நாடுகளிலேயே தங்கிவிடுகின்றனர். ஆகவே, அகதிகளின் சுமையைப் பெரிதும் தாங்குவது செல்வந்த நாடுகள் அல்ல. அருகில் இருக்க நேர்ந்த நாடுகளே. அவற்றுள் ஒன்று வங்கதேசம்.

மியான்மரின் ராக்கைன் மாகாணத்திலிருந்து ரோஹிங்கியா முஸ்லிம்கள் வங்கதேசத்துக்குத் தப்பி வருவது புதிதல்ல. 1978-இல் சுமார் 2 லட்சம் பேரும், 1991-92-இல் சுமார் 2.5 லட்சம் பேரும் வந்தனர். இருமுறையும் பெரும்பாலோர் திருப்பி அனுப்பப்பட்டனர். இடையில் இயற்றப்பட்ட 1982-ஆம் ஆண்டின் மியான்மர் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. குடியுரிமையின்றித் திரும்பியவர்கள் மீண்டும் துரத்தப்படுவர் என்பது எதிர்பார்க்கத்தக்கதே. அதுதான் 2017-இல் நிகழ்ந்தது. ஆகஸ்ட் 25 அன்று ரோஹிங்கியா ஆயுதக் குழுவொன்று காவல் நிலைகளைத் தாக்க, அதற்குப் பதிலடி என்ற பெயரில் மியான்மர் ராணுவம் கிராமங்களை எரித்தது. சில மாதங்களில் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நாஃப் ஆற்றையும் எல்லையையும் கடந்தனர்.

1951-ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தத்தில் கையொப்பமிடாத வங்கதேசம், அவர்களுக்கு எல்லையைத் திறந்துவிட்டது போற்றத்தக்கது. ஆனால், இது தற்காலிக ஏற்பாடு என்பதில் அது உறுதியாக இருந்தது. முகாமைச் சுற்றி முள்வேலி எழுந்தது. முறையான வேலைக்கு அனுமதி இல்லை. தாயகம் திரும்புவதற்கான ஒப்பந்தம் 2017 நவம்பரிலேயே கையெழுத்தானது. எனினும், 2018 நவம்பரிலும் 2019 ஆகஸ்டிலும் நாள் குறிக்கப்பட்டபோது, குடியுரிமைக்கும் பாதுகாப்புக்கும் உத்தரவாதமின்றிச் செல்ல எவரும் முன்வரவில்லை.

வேலைக்கு விதிக்கப்படும் தடை பாதுகாப்பை வலுப்படுத்தும் என்ற நம்பிக்கையே இக்கொள்கையின் அடித்தளம். பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் இந்த நம்பிக்கையை என்னால் ஏற்க இயலவில்லை. தடை வேலையை ஒழிப்பதில்லை; கூலியின் கீழ்வரம்பைத்தான் ஒழிக்கிறது. சட்டப்படி உழைக்க முடியாதவர் கிடைத்த கூலிக்கு உழைப்பார். அதனால் முதலில் பாதிக்கப்படுபவர் உக்கியா, டெக்னாஃப் பகுதிகளின் உள்ளூர்த் தொழிலாளியே. அதுவும் கிடைக்காத இளைஞருக்கு எஞ்சுபவை போதை மாத்திரைக் கடத்தல், ஆயுதக் குழுக்கள், ஆள்கடத்தல் படகுகள். 2023-இல் சுமார் 4,500 ரோஹிங்கியாக்கள் கடற்பயணம் மேற்கொண்டனர்; அவர்களில் 569 பேர் இறந்தனர் அல்லது காணாமற்போயினர். அமைதி வழியில் உரிமை பேசிய முகாம் தலைவர் முகிபுல்லா 2021 செப்டம்பரில் முகாமிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். துப்பாக்கி ஏந்தியவர்களின் கை அங்கே ஓங்கியிருப்பதற்கு இதுவே சான்று.

உழைக்க அனுமதிக்கப்படாதவர் நிவாரணத்தையே நம்பியிருக்க வேண்டும். நிவாரணமோ நன்கொடையாளர்களின் மனநிலையைப் பொறுத்தது. நபர் ஒருவருக்கு மாதம் 12 டாலராக இருந்த உணவு உதவி, 2023-இல் முதலில் 10 டாலராகவும் பின்னர் 8 டாலராகவும் குறைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அது உயர்த்தப்பட்டாலும், அந்த நிச்சயமின்மை நீங்கவில்லை.

இதற்கிடையே ராக்கைன் களமும் மாறிவிட்டது. 2024 டிசம்பரில் மௌங்டா நகரைக் கைப்பற்றியதன் மூலம் வங்கதேசத்தை ஒட்டிய எல்லை முழுவதும் 'அரக்கான் ராணுவம்' எனும் ஆயுதக் குழுவின் வசமாயிற்று. மறுபுறம், குடியுரிமை தர மறுத்த அதே மியான்மர் ராணுவம், ரோஹிங்கியா இளைஞர்களைக் கட்டாயமாகப் படையில் சேர்த்தது. 2025-இன் நடுப்பகுதி வரையிலான 18 மாதங்களில் மேலும் 1.5 லட்சம் பேர் காக்ஸ் பஜார் வந்தடைந்தனர். விரைவில் திரும்பிவிடுவர் என்ற எதிர்பார்ப்பு எவ்வளவு பலவீனமானது என்பது இப்போது தெளிவு.

மாற்று வழி இல்லாமல் இல்லை. கொலம்பியா 2021-இல், தன் நாட்டில் இருந்த சுமார் 17 லட்சம் வெனிசுவேலா மக்களுக்கு 10 ஆண்டுகள் தங்கவும் உழைக்கவும் உரிமையளிக்கும் திட்டத்தை அறிவித்தது. மியான்மர் அகதிகளை நாற்பதாண்டுகளாக எல்லை முகாம்களில் அடைத்து வைத்திருந்த தாய்லாந்தும், 2025 ஆகஸ்டில் அவர்கள் வெளியே சென்று உழைக்க ஒப்புதல் அளித்தது. இரு நாடுகளும் குடியுரிமையை வழங்கிவிடவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

உழைக்க வழிவிட்டால் மேலும் பலர் வருவர், வந்தவர் திரும்பமாட்டார் என்ற வங்கதேசத்தின் அச்சம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால், அவர்களை வரவழைப்பது முகாமின் வசதி அல்ல. ஊரில் எரியும் வீடு. திரும்பாமல் தடுப்பது காக்ஸ் பஜாரின் கூலி அல்ல. ராக்கைனில் இல்லாத குடியுரிமை. எனவே, குறிப்பிட்ட தொழில்களில், குறிப்பிட்ட காலத்துக்கு, உள்ளூர்க் கூலிக்குக் குறையாத ஊதியத்துடன் அனுமதி வழங்கலாம். நன்கொடை நாடுகள் தம் நிதியில் ஒரு பங்கை உள்ளூர்ச் சாலைக்கும் பள்ளிக்கும் அளித்தால் எதிர்ப்பும் தணியும்.

இந்தியாவும் இதில் வெறும் பார்வையாளராக இருக்க இயலாது. கலாதான் போக்குவரத்துத் திட்டத்துக்காக நாம் கட்டிய சிட்வே துறைமுகம் இருப்பது அதே ராக்கைனில்தான். அங்கு நிலவும் தரப்புகள் அனைத்துடனும் பேசி, குடியுரிமையுடன் கூடிய மீள்குடியேற்றத்தை வலியுறுத்துவது நம் நலனுக்கும் உகந்தது. அதுவரை, அந்த முகாம்களில் வளரும் ஒரு தலைமுறையின் கையில் தொழில் இருக்கவேண்டுமா, ஆயுதம் இருக்கவேண்டுமா என்பதை அப்பகுதியின் அரசுகளே தீர்மானிக்கின்றன.